கொலாஜன் ரீச்சரும் அதிபரின் தட்டியும்

வன்னியில் யாருக்கு என்ன வருத்தம் வந்தாலும், கொலாஜன் ரீச்சர் சொல்லும் காரணம் ஒன்றுதான்: உடம்பில் கட்டுச் சரியில்லை, அதாவது கட்டிவைக்கும் புரதம் போதாது. முழங்கால் நோவுக்கும் கொலாஜன், முகச் சுருக்கத்துக்கும் கொலாஜன். வட்டக்கச்சியில் ஓலைக் கொட்டிலில் நடந்த எங்கள் பாடசாலையில் அவர் உயிரியல் படிப்பித்தார்; நானும் அங்கே ஆசிரியைதான். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

இரண்டு கரு கலைந்தபின், மூன்றாவது முறை நான் கர்ப்பமாயிருந்தேன். போர்த் தடையால் பெற்றோலைக் கண்ணால் காணாத தொண்ணூறுகள், பாடசாலைக்குச் சைக்கிள்தான். ஒருநாள் என் மாமி, கணவரின் தாய், நேரே ஆசிரியர் அறைக்கே வந்துவிட்டார். முதல் இரண்டும் சைக்கிள் குலுக்கத்தில்தான் போயின, இனி வேலையே வேண்டாம் என்பது அவர் தீர்ப்பு. எனக்கும் உள்ளுக்குள் அதே பயம்தான்.

கொலாஜன் ரீச்சர் வெண்கட்டியைக் கீழே வைத்தார். கருப்பையின் உட்சுவர், கரு என்ற விருந்தாளிக்காக மாதாமாதம் போடும் கொட்டில் என்றார். உயிர்க்கலங்கள் ஓலை; கொலாஜன், லமினின், பைப்ரோனெக்ரின் என்ற புரதங்கள் எல்லாம் கயிறு. விருந்தாளி வராவிட்டால் உடம்பே கயிற்றை அறுத்துக் கொட்டிலைப் பிரித்துவிடும், அதுதான் மாதவிலக்கு. வந்துவிட்டால், சில கட்டுகளை இளக்கி இடம் கொடுத்து, சுற்றிவரப் புதிதாகக் கட்டும்.

"சைக்கிள் குலுக்கத்துக்கெல்லாம் அது அவிழாது அம்மா. இஞ்சை பாருங்கோ," என்று, பாடசாலை அதிபரின் அறையை மறைத்திருந்த ஓலைத் தட்டியின் கயிறொன்றைப் பிடித்து இழுத்தார்.

இடம்பெயர்ந்து பழகிய எங்கள் ஆட்கள், திடீரென்று ஓடவேண்டி வந்தால் கழற்றுவதற்கு வசதியாக எல்லாவற்றையும் உருவாஞ்சுருக்கில் கட்டியிருந்தார்கள். தட்டி முழுவதும் பொத்தென்று விழுந்தது. சீனி இல்லாக் காலத்தில் தோடம்பழ இனிப்பைக் கடித்துக்கொண்டு தேநீர் குடிக்கும்படி எங்களுக்குப் போதித்த அதிபர், அங்கே பனியனோடு நின்று தன் தேநீரில் கரண்டி நிறையச் சீனியைக் கொட்டிக்கொண்டிருந்தார்.

"பாத்தியளே, ஒரு இழுவைதான்," என்றார் மாமி.

விஞ்ஞானம் தோற்றது, என் சைக்கிளுக்கு மாமி பூட்டுப் போட்டார். ரீச்சர் விடவில்லை. தினமும் காலையில் வீட்டுக்கு வந்து, கொலாஜனுக்கு நல்லதென்று என் வாயில் ஒரு நெல்லிக்காயைத் திணித்து, தன் சைக்கிளை உருட்டியபடி என்னோடு பாடசாலைவரை நடந்தார். குலுக்கம் ஒன்றும் செய்யாது என்று அடித்துச் சொன்ன அதே மனுசி, வழியில் பள்ளத்தைக் கண்டால் சைக்கிளைப் போட்டுவிட்டு என் கையை இறுக்கிப் பிடிப்பார்.

மகள் பிறந்தாள். மூக்கு யாருடையது என்று எல்லோரும் வாதாடிக்கொண்டிருக்க, ரீச்சர் பிள்ளையின் பக்கம் திரும்பவேயில்லை. மாமிக்குக் கேட்கும்படியாக என்னிடம் சொன்னார்:

"முதல் ரெண்டும் உம்மாலை போகேல்லை, பிள்ளை."

அன்றைக்குத்தான் நான் அந்த இரண்டுக்குமாக அழுதேன். கொலாஜன் ரீச்சர், ஒரு புரதத்தின் பெயரும் சொல்லாமல், என் கையைப் பிடித்தபடி பக்கத்தில் இருந்தார்.