வீட்டுக்கு வந்த ரேஷன் ஆபீஸ்

அரசு ஊழியர் ஆபீசில் இருந்தால் பணி, வீட்டில் இருந்தால் விடுப்பு. இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்று உண்டு என்று இப்போது கொள்கையெல்லாம் பேசுகிறார்கள். தொண்ணூறுகளிலேயே அதை நான் நடத்திக் காட்டிவிட்டேன். நடத்திய லட்சணத்தைக் கேளுங்கள்.

அப்போது செங்கல்பட்டில், ரேஷன் கார்டு வேலை நடக்கும் ஓர் ஆபீசில் உதவியாளர் நான். வீடு புதுப்பட்டினத்தில். ஒருநாள் திருக்கழுக்குன்றத்தில் பஸ் மாறும்போது விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டேன் (கோயிலுக்கு அல்ல, ஜன்னல் சீட்டுக்கு ஓடினேன்). லீவெல்லாம் தீர்ந்த பிறகு, மாவுக்கட்டோடு கணவர் தோளைப் பிடித்துக்கொண்டு போய் அதிகாரி முன் நின்றேன்.

"சார், பேர் சேர்க்கிற மனுக்களை வீட்டுக்கு அனுப்புங்க. உட்கார்ந்த இடத்துலயே முடிச்சிடறேன்."

"சர்க்கார் வேலையை வீட்டுலயா? அப்படி ரூல் இல்லியேம்மா."

"கூடாதுன்னும் ரூல் இல்லியே சார்." (நாக்கில் சனி.)

நெடுநேரம் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தார். "ஒரு வாரம் பாருங்க. வெளியில மூச்சு விடக்கூடாது."

நான் விடவில்லை. என் கணவர் விட்டார். ஷிப்ட் வேலைக்காரர், பகலில் பேச ஆள் வேண்டும். மீன் மார்க்கெட்டில் வஞ்சிரத்துக்குப் பேரம் பேசுகையில், "இப்ப எங்க வீடுதான் ரேஷன் ஆபீஸ்" என்று அளந்துவிட்டு வந்திருக்கிறார்.

மறுநாள் காலையில் மீன்கார அஞ்சலை வாசலில் நின்றாள்.

"மருமவ பேரு இன்னும் ஏறலம்மா. செங்கல்பட்டுக்கு நடந்து நடந்து பேஜாராப் பூட்ச்சு."

ஆபீசிலிருந்து வந்த மனுக் கட்டிலேயே அவள் மனுவும் இருந்தது. பார்த்து முடித்துக் கொடுத்தேன். கெட்டேன். அடுத்தடுத்த நாட்களில் தெருமுனை வரை கூட்டம். கணவர் பெஞ்ச் போட்டார், கயிறு கட்டினார், "சத்தம் போடாதீங்க, மேடம் பிஸி" என்று அதட்டினார். சைக்கிளில் டீ விற்பவர் கூட எங்கள் வேப்பமரத்தடிக்கு மாறிவிட்டார். நானோ நைட்டிமேல் துண்டைப் போர்த்திக்கொண்டு, கட்டுப்போட்ட காலை ஸ்டூலில் நீட்டி, கலெக்டர் தோரணையில் இருந்தேன்.

வாரக் கடைசியில் அதிகாரி பார்வையிட வந்தார். தெருவில் ஜீப் நுழையவே இடமில்லை. இறங்கி நடந்து வந்தவரை, மாமியாரின் கார்டோடு மறுபடி வந்திருந்த அஞ்சலை மறித்தாளாம்.

"யோவ் அண்ணாத்த, நாங்க இன்னா சும்மாவா நின்னுகினு கீறோம்? பின்னால போ!"

"நான் ஆபீசரும்மா."

"ஆபீசர் உள்ள கீறாங்க. நீ வரிசைல வா."

என் கணவர் ஏற்கெனவே ஆபீசில் அதிகாரியைப் பார்த்தவர்தான். ஆனால் அன்றைக்கு இருந்த அதிகாரப் போதையில் முகம் நினைவுக்கு வரவில்லை. பெஞ்சில் இடம் காட்டி, "ஒரு டீ சாப்பிடுங்க, கூப்பிடுவாங்க" என்றிருக்கிறார். மனிதர் குடித்துமிருக்கிறார்!

அவர் முறை வந்தபோது நான் நிமிரக்கூட இல்லை.

"யார் பேரைச் சேர்க்கணும்?"

"என் பேரைத்தாம்மா. இந்த ஆபீசுல நான் இல்லியாமே."

குரலை அடையாளம் கண்டதும் மாவுக்கட்டையும் மறந்து எழுந்தேன். எழுந்த வேகத்தில் அப்படியே மனுக் கட்டின்மேல் சாய்ந்தேன். வேலை போயிற்று, சஸ்பென்ஷன்தான், மகள் பள்ளிக்கூடம் என்ன ஆகும் என்றெல்லாம் ஒரே நொடியில் ஓடியது. கண்ணீர் முட்டிவிட்டது.

நான் முடித்துவைத்த மனுக்களை அவர் புரட்டினார். புரட்டப் புரட்ட முகம் இளகியது.

"இவ்வளவு வேலை நீங்க ஆபீசுல பார்த்ததே இல்லியேம்மா."

பாராட்டா, திட்டா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மனுக் கட்டுகளை ஜீப்பில் ஏற்றினார். திங்கள் முதல் காலையும் மாலையும் அதே ஜீப்பில் என்னையும் ஏற்றினார். மாவுக்கட்டுப் பிரிக்கும்வரை ராஜ மரியாதை.

ஆண்டுகள் கழித்து மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். ஆட்டோவிலிருந்து இறங்கிய மாப்பிள்ளையின் அப்பா தயங்கித் தயங்கிக் கேட்டார்: "விலாசத்தைச் சொன்னா, டிரைவர் ஏதோ பழைய ரேஷன் ஆபீஸ்னு இங்க கொண்டாந்து விட்டுட்டாரு. உங்க வீடு எங்கிட்டுங்க?"

"இதேதான், வாங்க" என்றார் என் கணவர், நெஞ்சை நிமிர்த்தி.

சம்பந்தம் முடிந்தது. மருமகன் இன்றும் மாமியார் வீட்டுக்குப் போவதாகச் சொல்வதில்லை. "ரேஷன் ஆபீஸ் வரைக்கும் போயிட்டு வரேன்" என்றுதான் கிளம்புகிறார்.