முதல் வரிசை சிரிக்கவில்லை

டைரக்டர் மூன்றாவது முறையாக "மறுபடியும் எடுக்கலாம்" என்று சொன்னபோதும், முதல் வரிசையில் சிரிப்பக்கா உதட்டை இறுக்கிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளின் காதலையும் கலாட்டாவையும் வைத்து ஒன்பது வருடமாக ஓடும் டிவி தொடர் அது. படப்பிடிப்பின்போது அறுபது பேரை எதிரே உட்கார வைத்து, அவர்கள் சிரிப்பையும் சேர்த்தே பதிவு செய்வார்கள். முதலில் சிரிப்பக்கா ஆரம்பிப்பாள்; மற்றவர்களுக்குத் தானாகத் தொற்றிக்கொள்ளும். அவளுக்கு வேலையே அதுதான்.

அன்றைய காட்சியில், கதாநாயகி எழுதிய காதல் கடிதத்தை ஒரு பையன் பிடுங்கி, வகுப்பு முழுக்கக் கேட்கும்படி படிக்கிறான். அவள் அழுகிறாள். அங்கேதான் சிரிக்க வேண்டுமாம்.

டைரக்டர் வசனத் தாளைக் கொண்டுவந்து நீட்டினார். "பாருங்கக்கா, ‘இங்கே சிரிப்பு’ன்னு தெளிவா போட்டிருக்கு."

"போட்டிருக்கட்டும் சார். பொண்ணு அழுவுது. எனக்குச் சிரிப்பு வரல."

வராததற்குக் காரணம் இருந்தது. பதினாறு வயதில் அவள் எழுதிய கடிதத்தை அவளுடைய அண்ணனே கூடத்தில் நின்று ஏற்ற இறக்கத்தோடு படித்துக் காட்டியிருந்தான். சித்தப்பா முதல் பக்கத்து வீட்டுக்காரர் வரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். டைரக்டரிடம் இதையெல்லாம் விளக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

அவளைக் கடைசி வரிசைக்கு மாற்றினார்கள். இப்போது எல்லாத் தலைகளும் பின்னால் திரும்பி, அவள் சிரிக்கிறாளா என்று பார்த்தன. இங்கே என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்த்த பையன், கடிதம் கையில் இருந்தும் வசனத்தை மறந்தான்.

அடுத்து, ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவரிடம் சிரிப்பைத் தொடங்கி வைக்கும் பொறுப்பைக் கொடுத்தார்கள். அவர் சிரித்தது இருமல் மாதிரி இருக்கவே, பக்கத்திலிருந்தவர்கள் பதறிப்போய் முதுகைத் தடவிவிட்டார்கள்.

கடைசியில் சவுண்ட் இன்ஜினியர் பழைய பதிவிலிருந்து ஒரு சிரிப்பைத் தேடியெடுத்துப் போட்டார். ஸ்பீக்கரில் வந்தது சிரிப்பக்காவின் குரலேதான். ஒன்பது வருடச் சிரிப்பும் அவளுடையதாயிற்றே. அவள் எழுந்து நின்றாள்.

"சார், நாய் வாத்தியாரைத் துரத்தினப்ப நான் மனசாரச் சிரிச்ச சிரிப்பு அது. அதை எடுத்து இந்தப் பொண்ணு தலையில கொட்டாதீங்க."

நாளையிலிருந்து அவள் வர வேண்டாம் என்றார் டைரக்டர்.

"சரி சார். இன்னைக்கு நான் வேலையிலதானே இருக்கேன்? சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருப்பேன். சிரிக்க மட்டும் மாட்டேன்."

கைப்பையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று முதல் வரிசைக்கே வந்து உட்கார்ந்தாள்.

ஆறு மணிக்குத் தளத்தைக் காலி செய்தாக வேண்டும். வேறு வழியில்லாமல் டைரக்டர் கையசைத்தார். பையன் படித்தான். பெண் அழுதாள். அறுபது பேரில் ஒருவரும் மூச்சு விடவில்லை. அந்த மௌனத்தைப் பையனால் தாங்க முடியவில்லை. படிப்பதைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கடிதத்தை அவள் கையிலேயே கொடுத்துவிட்டான்.

எல்லாம் நாசமாய்ப் போயிற்று என்று தலையில் கைவைத்துக்கொண்ட டைரக்டர், அடுத்த வாரக் கதையோடு அப்போதுதான் உள்ளே வந்த வசனகர்த்தாவிடம், முதல் வரிசையைக் காட்டிக் காட்டி முறையிட்டார்.

வசனகர்த்தா அந்தத் தாளை வாங்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை பார்த்தார்.

"நான் ‘இங்கே சிரிப்பு கூடாது’ன்னுல்ல எழுதியிருந்தேன், டைப் அடிச்சதுல ‘கூடாது’வைக் காணோமே?"