பலூன் கட்டிய டே கெயார்

புது ஊருக்குக் குடிபோகிறவர்களுக்கு முதல் மாதத்தில் எதைப் பார்த்தாலும் அதிசயமாகத்தான் இருக்கும். அதில் தப்பில்லை. பார்த்த அதிசயத்தை யாரிடமாவது விசாரிக்க வேண்டும். நான் விசாரிக்கவும் செய்தேன். என்ன, கேட்க வேண்டியதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் கேட்டேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் நாங்கள் நிவித்திகலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கேகாலைக்கு வந்தோம். டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் என் வீட்டுக்காரருக்கு வேலை. மகள் தர்ஷினிக்கு ஐந்து வயது, மகன் கண்ணனுக்கு இரண்டரை. தோட்டத்தில் பிள்ளை வளர்ப்பது பெரிய காரியமில்லை. காலையில் பிள்ளை மடுவத்தில் ஆயாம்மா கையில் கொடுத்துவிட்டு மலைக்குப் போனால், சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்ளலாம். டவுனில் பிள்ளையை யாரிடம் கொடுப்பது? பக்கத்து வீட்டு செல்வி அக்காவிடம் கேட்டேன்.

"இங்க டே கெயார்னு ஒன்னு இருக்கு. ரெண்டாவது லேன்ல போ, நீல கேட். வாசல்ல சின்னச் சின்ன செருப்பாக் கெடக்கும். பாத்தாலே தெரிஞ்சிரும்."

டே கெயார் எனக்கு அவசரமாகத் தேவைப்பட்டது. காரணம் தர்ஷினியின் பள்ளிக்கூடம். தமிழில் படிக்க ஊரில் இடம் கிடைப்பது அவ்வளவு சுலபமில்லை. முதலில் பார்த்த பள்ளிக்கூடத்தில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். (அதற்கு முன்பே கண்ணன் அதிபருக்கு வந்த தேத்தண்ணியை எடுத்துக் குடித்திருந்தான். இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று இன்றுவரை நம்புகிறேன்.) மிச்சமிருந்தது ஒரே ஒரு பள்ளிக்கூடம். அங்கேயும் இல்லையென்றால் தர்ஷினியைத் திரும்பவும் தோட்டத்துக்கு அனுப்பி, என் அண்ணன் வீட்டில் விட்டுப் படிக்கவைக்க வேண்டும். அந்த நினைப்பிலேயே எனக்குச் சோறு இறங்கவில்லை. இன்டர்வியூவுக்குப் பகல் இரண்டு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். கடையில் சரக்கு இறங்கும் நாள் என்பதால் வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை. கண்ணனைக் கூட்டிக்கொண்டு இன்னொரு அதிபர் முன்னால் போகிற தைரியம் எனக்கு இல்லை.

அன்றைக்குக் கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டேன். கண்ணனுக்கும் புதுச் சட்டை. அவனுடைய பால் போத்தல், மாற்றுக் காற்சட்டை, நான்கு பிஸ்கட் எல்லாவற்றையும் சேலைக் கடையில் கொடுத்த பளபளப்புப் பையில் போட்டேன். பையின் பிடி அறுந்திருந்ததால் தர்ஷினியின் சிவப்பு ரிப்பனால் வாயைக் கட்டினேன்.

லேனில் திரும்பினால் நீல கேட். வாசலில் சின்னச் சின்ன செருப்புகள். அதோடு கேட்டிலிருந்து கூரைவரைக்கும் கலர் கலராகப் பலூன்!

எங்கள் மடுவத்தில் ஆயாம்மா தொங்கவிட்டது ஈரத் துணிதான். டவுன்காரர்கள் டவுன்காரர்கள்தான் என்று நினைத்துக்கொண்டேன். உள்ளே பாட்டு, பிள்ளைகளின் சத்தம். சிவப்புச் சட்டை போட்ட ஒரு அம்மா ஓடிவந்து, "எண்ட, எண்ட" என்று வாய் நிறைய வரவேற்றார். நான் சிங்களவர்களோடு ஓடியாடி வளர்ந்தவள். என் சிங்களத்தில் குற்றம் சொல்ல முடியாது. அதுதான் வினை. கொஞ்சம் தடுமாறிப் பேசியிருந்தால் அந்த அம்மா நிதானமாக விசாரித்திருப்பார்.

"மகனை விட்டுட்டுப் போகலாமா?" என்று சிங்களத்தில் கேட்டேன்.

"தாராளமா! எல்லாப் பிள்ளைகளும் இங்கதானே இருக்கு. நீங்களும் ஏதாவது சாப்பிட்டுப் போங்களேன்."

(தாய்மாருக்கும் சாப்பாடு!)

"தினமும் இப்படித்தானா?" என்று பலூன்களைக் காட்டினேன்.

அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். "தினமும் இப்படிச் செய்தால் வீட்டை விற்க வேண்டியதுதான்!"

பையை நீட்டினேன். "ஐயோ, இதெல்லாம் எதற்கு?" என்று கூச்சத்தோடு வாங்கிக்கொண்டார். ஓகோ, மாற்றுக் காற்சட்டைகூட இவர்களே கொடுப்பார்கள் போல என்று எனக்கு மலைப்பு. விளையாட்டுச் சாமான் எவ்வளவு இருக்கிறது, ஜன்னலுக்குக் கம்பி இருக்கிறதா, குசினி சுத்தமா, எல்லாவற்றையும் எட்டி எட்டிப் பார்த்தேன். இது டே கெயார்தானா என்று மட்டும் கேட்கவில்லை. கண்ணன் அதற்குள் ஒரு பலூனைப் பிடித்துக்கொண்டு உள்ளே மறைந்துவிட்டான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் அதிபரும் ஒரு டீச்சரும் உட்கார்ந்திருந்தார்கள். தர்ஷினி பெயர் சொன்னாள், பூக்களின் பெயர் சொன்னாள், இருபதுவரைக்கும் எண்ணினாள். அதிபர் முகம் மலர்ந்தது.

"தம்பி தங்கச்சி இருக்காங்களா?"

"தம்பி இருக்கான் சேர். அவனைப் பலூன் வீட்டுல விட்டுட்டு வந்தோம்."

"பலூன் வீடா?" என்றார் டீச்சர்.

நான் பெருமையாக விளக்கினேன். டீச்சரின் நெற்றி சுருங்கியது. "நான் அந்தப் பக்கந்தான் இருக்கேன். கடை முனையில திரும்பினீங்களா, அரச மரத்துக்கிட்ட திரும்பினீங்களா?"

"கடை முனையில."

"அது மொத லேன். டே கெயார் ரெண்டாவது லேன்லதானே இருக்கு. அங்கயும் நீல கேட்டுதான். நீங்க போன வீட்டுல போர்டு இருந்துச்சா?"

"பலூன் இருந்துச்சு டீச்சர்."

அதற்கப்புறம் நான் எப்படி எழுந்தேன், எந்த வாசலால் வெளியே வந்தேன் என்று தெரியாது. ரோட்டில் நின்ற ஆட்டோவில் ஏறி, "அண்ணே, சீக்கிரம் போங்க, எம் பிள்ளையை யாரோ வீட்டுல விட்டுட்டேன்" என்று கத்தினேன். பாதி தூரம் போனபிறகுதான் பக்கத்து இருக்கை காலியாக இருப்பது கண்ணில் பட்டது.

"ஐயோ, மகளை ஸ்கூல்ல விட்டுட்டேன்!"

ஆட்டோக்காரர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். "தங்கச்சி, இன்னும் எத்தனை பிள்ளை இருக்கு? இப்பவே சொல்லிருங்க. எல்லா எடத்துக்கும் ஒரேயடியாப் போயிருவோம்."

மகள் அதிபரிடம் இருக்கிறாள். மகன் யாரிடம் இருக்கிறான் என்றே தெரியாது. மகனிடமே போகச் சொன்னேன்.

பலூன் வீட்டில் பாட்டு நின்றிருந்தது. வந்தவர்கள் அத்தனை பேரும் முற்றத்து மூலையில் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். நடு முற்றத்தில் என் பளபளப்புப் பை தனியாக இருந்தது. ஒரு பெரியவர் எட்ட நின்று, நீட்டிய குடையால் அதைக் குத்தலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகுதான் புரிந்தது. அது யுத்த காலம். சொந்தக்காரர் தெரியாத பை என்றால் குண்டுதான் என்று பஸ்ஸே காலியாகிவிடும். சிவப்புச் சட்டை அம்மா என்னைத் தன் கணவரின் சொந்தம் என்று நினைத்திருக்கிறார், கணவர் மனைவியின் சொந்தம் என்று நினைத்திருக்கிறார். கேக் வெட்டும் நேரத்தில் இருவரும் கலந்து பேசியதில், நான் யாருக்கும் சொந்தமில்லை என்று தெரிந்திருக்கிறது. முகம் தெரியாத ஒருத்தி வந்தாள், வீட்டையெல்லாம் எட்டிப் பார்த்தாள், பையைக் கொடுத்தாள், ஓடிவிட்டாள். பெற்ற பிள்ளையை வைத்துவிட்டா இப்படிச் செய்வாள் என்று யாரோ கேட்டார்களாம். அது அவளுடைய பிள்ளைதானா என்று குடைக்காரர் திருப்பிக் கேட்டாராம்.

"மகே! மகே!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். என்னுடையது என்று சிங்களத்தில் சொன்னேன். கண்ணனையா பையையா என்று எனக்கே தெரியாது.

எல்லோரும் பார்க்க ரிப்பனை அவிழ்த்தேன். பால் போத்தலை எடுத்து வைத்தேன். காற்சட்டையை எடுத்து உதறிக் காட்டினேன். பிஸ்கட்டையும் காட்டினேன். டே கெயாரைத் தேடி வந்த கதையைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அழுகை வந்தது. அப்போது, வீட்டுக்கார அம்மாவின் இடுப்பில் காகிதத் தொப்பியும் வாயெல்லாம் ஐசிங்குமாக உட்கார்ந்திருந்த கண்ணன் என்னை அடையாளம் கண்டுகொண்டு, "வீட்டுக்கு வேணாம்!" என்று வீறிட்டான்.

முதலில் சிரித்தவர் குடைக்காரர்தான். பிறகு முற்றமே சிரித்தது. வீட்டுக்கார அம்மா என் தோளைப் பிடித்து, "நங்கி, என் தங்கச்சி, கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே" என்றார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. தர்ஷினியின் கதையைக் கேட்டதும் அவருடைய கணவர் வேனை எடுத்தார். கண்ணனும் நானும் அரைக் கேக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போனோம்.

தர்ஷினி அதே நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். நான் ஓடியதும் அதிபர் பயந்துபோய், "அம்மா எங்கம்மா போறாங்க?" என்று கேட்டிருக்கிறார். "தம்பியைத் தேடிப் போறாங்க, வருவாங்க. நீங்க கேளுங்க சேர்" என்றிருக்கிறாள். மிச்சக் கேள்விகளுக்கெல்லாம் தனியாகவே பதில் சொல்லியிருக்கிறாள்.

அதிபர் என்னையும் கேக்கையும் மாறி மாறிப் பார்த்தார். "பிள்ளையைச் சேத்துக்கிறோம்" என்றார். "ஆனா ஸ்கூல் விட்டுக் கூட்டிட்டுப் போறதுக்கு உங்க வீட்டுக்காரரை வரச் சொல்லுங்க."

மறுநாள் உண்மையான டே கெயாரைக் கண்டுபிடித்தேன். நல்ல இடம், போர்டும் இருந்தது. கண்ணன் உள்ளே சுற்றிப் பார்த்துவிட்டு, "கேக் எங்க?" என்று கேட்டு அழுதான். பல நாள் அழுதான். முதல் லேன் அம்மாவின் வீட்டில் ஒவ்வொரு வருஷமும் பிறந்தநாளுக்கு அவனுக்கு அழைப்பு வந்தது. அந்த வீட்டு ஆல்பத்தில், கேக்குக்கு நேர் பின்னால், பிறந்தநாள்காரப் பிள்ளையை மறைத்துக்கொண்டு நிற்பவன் அவன்தான்.

இப்போது பிள்ளைகள் இரண்டு பேரும் வளர்ந்துவிட்டார்கள். ஆனாலும் எந்த விசேஷத்துக்குப் போனாலும் என்னை வாசலில் நிறுத்திவிடுவார்கள். போன மாதம் இரத்தினபுரியில் ஒரு கல்யாணம். மண்டப வாசலில் தர்ஷினி என் கையைப் பிடித்தாள்.

"அம்மா, நில்லுங்க. இது நம்ம கல்யாணந்தானான்னு நான் போய்க் கேட்டுட்டு வாறேன்."

"போடி, இன்னுமா அதையே சொல்லிக்கிட்டு இருக்கீங்க" என்று நான் அவளைத் தள்ளிவிட்டு உள்ளே போய், பன்னீர் வாங்கிக்கொண்டு, முன்வரிசையில் உட்கார்ந்தேன். மாப்பிள்ளைக்குத் தாய்போல இருந்த ஒரு அம்மாவிடம் சௌக்கியமும் விசாரித்துவிட்டேன். தர்ஷினி பின்னாலேயே வந்து குனிந்து, காதுக்குள் சொன்னாள்:

"எந்திரிங்க. நம்மது மேல் மாடியில."