மூடி சாரும் பீங்கான் யானையும்

விடையைக் கண்டால் ஓடி ஒளியும் இயற்பியல்காரர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவரும் எங்கள் விருத்தாசலத்தில்தான் இருந்தார். கல்லூரியில் அவரும் நானும் கௌரவ விரிவுரையாளர்கள். பீங்கான் பொம்மைச் சூளைக்குப் பின்னால் இருவருக்கும் ஒரே வாடகை அறை. விடை முன்னாலேயே தெரிந்தால் மனசு அந்தப் பக்கம் சாய்ந்துவிடும் என்பது அவர் கட்சி. எதையும் மூடிவைத்துவிட்டுத்தான் ஆரம்பிப்பார் என்பதால் பிள்ளைகள் வைத்த பெயர், மூடி சார்.

டீக்கடையில் சர்க்கரையைக் கடைக்காரர் இஷ்டத்துக்குப் போடச் சொல்லி, குடித்துவிட்டு அளவைச் சொல்வார். கிரிக்கெட் பார்த்தால் டிவியில் ஸ்கோர் வரும் இடத்தில் காலண்டர் அட்டையை ஒட்டிவிடுவார். ஒருமுறை போர்டைப் பார்க்காமல், கூட்டத்தை வைத்தே திட்டக்குடி பஸ் என்று கணித்து ஏறி, கண்டக்டரிடம் "கடைசி ஸ்டாப்பு" என்று டிக்கெட் வாங்கி, நேர் எதிர்த்திசையில் சேத்தியாத்தோப்பில் போய் இறங்கினார். இப்படிப்பட்டவரை ஊரே கொண்டாடியது. நான் பாடம் நடத்தினால் ஜன்னலைப் பார்க்கும் பிள்ளைகள், அவர் நடத்தினால் மணி அடித்த பிறகும் எழுந்திருக்க மாட்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

அவர் போட்ட கணக்கு மேசான் கலப்பு. பி-மேசான் என்றொரு துகள் தானாகவே தன் எதிர்த்துகளாக மாறும், மறுபடி பழையபடி ஆகும். அந்த வேகத்தைச் சோதனைக்காரர்கள் அளந்துவிட்டார்கள். கோட்பாட்டிலிருந்து அதைக் கணக்கிட, வெளியையும் காலத்தையும் கட்டம் கட்டமாக நறுக்கி, கட்டத்தைச் சிறிதாக்கிக்கொண்டே போக வேண்டும். எங்கோ ஒரு பெரிய கம்ப்யூட்டர் கொட்டிய எண்களை இவர் லேப்டாப்பில் அலசினார். நானும் இதே கணக்கைத் தொட்டுப் பாதியில் விட்டவன்தான். இருவரும் வெளிநாட்டில் ஒரே ஆராய்ச்சி வேலைக்கு மனுப் போட்டிருந்தோம். விடை சரியாக வந்தால் வேலை அவருக்கு.

மற்றவர்கள் கண்ட விடை தெரியும் என்பதால், அதை ஒட்டி வந்ததும் தப்பு தேடுவதை நிறுத்தத் தோன்றும். அதற்காக அந்தத் துறையில் ஒரு வழக்கம். வேறொருவர் ரகசிய எண் ஒன்றால், அலச வேண்டிய எண்களை எல்லாம் பெருக்கிக் கொடுத்துவிடுவார். வேலை முழுக்க முடிந்த பிறகே அந்த எண் வெளியே வரும். அதற்கு மூடி சார் என்னைப் பிடித்தார். பின்னால் நான் மாற்றிச் சொல்லக் கூடாதாம். ஈரம் காயாத யானை பொம்மையின் ஒரு பாதியில், உள்பக்கமாக எண்ணைக் கீறி, மறுபாதியை ஒட்டிச் சூளைக்கு அனுப்பச் சொன்னார்.

மாசக்கணக்கில் அந்த யானை அலமாரியில் நின்றது. அவர் சோறு தண்ணி மறந்து தப்பு தேடினார். ஒருநாள் கேட்டேவிட்டேன், "எத்தினி பேரு இருக்காங்க, என்னை ஏன் சார் புடிச்சீங்க?"

"நீங்கதான் சார் எம்மேல வயித்தெரிச்சல்ல இருக்கீங்க. பிரியமானவங்கன்னா, நான் படற கஷ்டத்தப் பாத்து வாய வுட்டுருவாங்க. நீங்க வுட மாட்டீங்க."

அதில் குத்தல் துளியும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

உடைக்கும் நாளன்று டீக்கடைக்காரர் முதல் மாணவர்கள் வரை வாசலில் கூடிவிட்டார்கள். மூடி சார் சுத்தியலை என்னிடம்தான் நீட்டினார். யானை சிதறியது. எண்ணை வாசித்தேன், அவர் வகுக்க ஆரம்பித்தார். சரியாக வரணும், சரியாக வரணும் என்று யாரோ முணுமுணுப்பது கேட்டது. திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் யாரும் இல்லை, முணுமுணுத்தது நான்தான்.

சரியாகவே வந்தது. வேலையும் அவருக்கே போனது. வயிறு இன்றைக்கும் எரிகிறது.

போன வாரம் அங்கிருந்து போன் செய்தார். அடுத்த கணக்குக்கும் எண்ணை நானே வைக்க வேண்டுமாம். என்னைப் போல் நம்பகமான பொறாமைக்காரன் அங்கே கிடைக்கவில்லையாம். சரி என்றேன். எண்ணை மூடிவைக்கும் அந்த வேலைக்கு இனி நான் லாயக்கில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை.