எஸ்.டி.டி. பூட்டைத் திறந்தேன்

மாமனாரை ஹைதராபாத்துக்குள் வரவிடுவதில்லை என்று நான் முடிவெடுத்தபோது எனக்குத் துணைக்கு வந்தது மத்திய அரசாங்கம்.

வெளியூர் டெலிபோன் தொழிலில் தனியார் கம்பெனிகளும் போட்டி போடலாம் என்று அனுமதித்துவிட்டார்கள். ஆளாளுக்குக் கட்டணத்தைக் குறைத்தார்கள். பாலாநகர் ஃபாக்டரிக்குப் போகும் பஸ்ஸில் இந்தச் செய்தியைப் படித்துவிட்டு நான் போட்ட துள்ளலில், பக்கத்து சீட்காரர் தன் டிபன் பாக்ஸைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

மாமனார் சாம்பசிவம் நல்ல மனுஷர்தான். ஆனால் தென்காசியிலிருந்து வந்து இறங்கினால், லோத்குண்டாவில் இருக்கும் என் வீடு அவர் வீடாகிவிடும். பேப்பர் முதலில் அவருக்கு. ஃபேன் அவர் சொன்ன வேகத்தில்தான் சுற்றும். நான் இரண்டாம் தடவை சட்னி போட்டுக்கொண்டால், மாப்பிள்ளைக்கு வயிறு எப்படி இருக்கிறது என்று மகளிடம் விசாரிப்பார். வருஷா வருஷம் வருவதற்கு அவர் சொல்லும் காரணம் ஒன்றே ஒன்று. மகள் குரலைக் கேட்க வேண்டுமாம்.

குரல்தானே? அதைக் கம்பியில் அனுப்பிவிட்டால் ஆள் எதற்கு? பில்லுக்குப் பயந்து டெலிபோனுக்கு வெளியூருக்குப் பேச முடியாதபடி நான் போட்டு வைத்திருந்த எஸ்.டி.டி. பூட்டை அன்று சாயங்காலமே எடுத்தேன். மனைவி பகவதியைக் கூப்பிட்டு, இனி தினமும் அப்பாவிடம் பேசு என்றேன்.

அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "உங்களுக்கு உடம்புக்கு என்ன செய்யுது?"

"பெரியவரை எதுக்கு ரயில்ல அலையவிடணும்? போன்ல பேசினா நேர்ல பார்த்த மாதிரிதான்."

"நிச்சயமாவா?"

"சத்தியமா."

அன்றிலிருந்து பேச ஆரம்பித்தாள். குக்கரில் என்ன வேகிறது, எங்கள் மகள் கணக்கில் என்ன மார்க், பக்கத்து வீட்டு யூசுப் பாய் அனுப்பிய பிரியாணியில் எத்தனை முட்டை, எல்லாம் சுடச்சுடத் தென்காசிக்குப் போயிற்று. வீடு கல்யாண வீடு மாதிரி கலகலத்தது. அவள் சிரிப்பைக் கேட்க எனக்கும் சந்தோஷமாகவே இருந்தது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மாமனார் இறங்கினார். பின்னாலேயே இரண்டு டிரங்குப் பெட்டிகளும், ஒரு மெத்தையும் இறங்கின.

வழக்கமாக ஒரு கைப்பைதான் கொண்டு வருவார். ரயில் ஒத்துக்கொள்ளாத மாமியார் ஊரிலேயே இருப்பதால், மனைவி ஞாபகம் வந்து ஒரு வாரத்தில் கிளம்பிவிடுவார்.

பகவதியை உள்ளே இழுத்துக்கொண்டு போய், மெத்தை எதற்கு என்று கேட்டேன்.

"நீங்கதான போன்ல பேசினா நேர்ல பார்த்த மாதிரின்னு சத்தியம் பண்ணுனிய? அதைத்தான் அப்பாகிட்ட சொன்னேன். அம்மாகிட்ட இங்கயிருந்தே தினமும் பேசிக்கிடலாம், இனிமே ஊருக்கு ஓட வேண்டாம்னு."

நான் ஹாலுக்கு ஓடினேன். மாமனார் டெலிபோனை மடியில் வைத்துக்கொண்டு, முகம் நிறைய வெட்கத்தோடு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"மாப்ளே, கொஞ்ச நேரம் வெளிய நிக்கியளா? உங்க அத்தைகிட்ட தனியாப் பேசணும்."