மா மூட்டையின் மேல் ஆபிரிக்கா அண்ணை

ஆபிரிக்கக் கண்டம் முழுவதையும் ஒன்றாக்கியே தீருவது என்று புறப்பட்டவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர் இருக்கலாம். அவர்களில் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர், ஹம்பேர்க்கில் மரக்கறி அடுக்கியவர், ஆபிரிக்காவில் இருந்த பதினொரு மாதத்தில் பாதியைப் பொலிஸ் நிலைய வாங்குகளில் கழித்தவர் என்றால், அது எங்கள் ஆபிரிக்கா அண்ணை ஒருவர்தான். இதை நான் யார் முன்னாலும் அடித்துச் சொல்வேன்.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் ஹம்பேர்க் பிரதான ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு கடையில் வேலை பார்த்தேன். ஒரு பக்கம் நம்முடைய முருங்கைக்காய், கருவேப்பிலை, ஒடியல் மா. மறுபக்கம் ஆபிரிக்கர்கள் தேடி வரும் யாம் கிழங்கு, பாமெண்ணெய், காய்ந்த மீன். பில் போடுவது நான். சாமான் அடுக்குவது அண்ணை. தமிழர்கள் அவரை ஆபிரிக்கா அண்ணை என்றார்கள். ஆபிரிக்கர்கள் ‘பிரெசிடென்ட்’ என்றார்கள். சொந்தப் பெயரை ஒரு கடித உறையில் ஒரே ஒருமுறை பார்த்திருக்கிறேன். அது அவருக்கே பொருந்தவில்லை.

இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று முதல் வாரமே கேட்டுவிட்டேன். எண்பதுகளில் கொழும்பில் ஒரு ஏஜென்சிக்காரன் ‘நேரே ஜேர்மனி’ என்று சொல்லி அவரை விமானம் ஏற்றியிருக்கிறான். விமானம் இறங்கியது மேற்கு ஆபிரிக்காவில், டோகோவில்.

“டோகோ ஒடுங்கின நாடு, தங்கச்சி. பஸ்ஸில ஏறி ஒரு கோழித்தூக்கம் போட்டு எழும்பினால் பெனின் வந்திடும். அங்க பிடிச்சுத் திருப்பி விட்டால், மற்றப் பக்கத்தால கானா. ஒவ்வொரு இடத்திலையும் புதுசாய் ஒரு பொலிஸ், புதுசாய் ஒரு முத்திரை. நான் ஆர், எங்க போறன் எண்டு முதலில இருந்து கதை சொல்ல வேணும்.”

“சாப்பாட்டுக்கு என்ன செய்தனீங்கள்?”

“அது மட்டும் எல்லா இடத்திலையும் ஒண்டுதான். பிடிச்சவனே தன்ரை சாப்பாட்டில பாதி தருவான். சனம் எல்லாம் ஒரே சனம். இடையில இந்த எல்லை மட்டும் இல்லாட்டி, நான் ஒருக்கா மட்டும்தான் பிடிபட்டிருப்பன்.”

இதுதான் அவருடைய கொள்கையின் அத்திவாரம். முன்னேற்றம், சமாதானம், ஒரே சந்தை, ஒரே பணம் என்பதெல்லாம் பிறகு எழும்பிய மாடிகள்.

காய்கறித் தட்டுகளுக்கு மேலே ஆபிரிக்காவின் பெரிய வரைபடம் ஒன்றை மாட்டியிருந்தார். நூறு வருடத்துக்கு முன் வெள்ளைக்காரர்கள் பெர்லினில் கூடி, மேசையில் வரைபடத்தை விரித்து, அளவுகோல் வைத்து ஆபிரிக்காவைப் பங்கு போட்ட கதையை வருகிறவர் எல்லோருக்கும் சொல்வார். தயிர் வாங்க வந்த ஜேர்மன் கிழவிக்கும் சொன்னார். அவள் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தயிர் வாங்காமலே போனாள்.

கதை சொல்லி அலுத்து, ஒருநாள் எழுத்துப் பிழை அழிக்கும் வெள்ளை மையை எடுத்து எல்லைகளை ஒவ்வொன்றாக அழிக்கத் தொடங்கினார். மூன்று நாள், ஆறு போத்தல் மை. முடிந்தபோது கண்டத்துக்குத் தேமல் விழுந்தது போல இருந்தது. நாலாம் நாள் ஒரு கம்பியாக்காரர் வந்து வெகுநேரம் வரைபடத்தை அண்ணாந்து பார்த்தார்.

“பிரெசிடென்ட், என்ரை நாடு எங்கே?”

கம்பியா ஓர் ஆற்றின் இரு கரையிலும் நூல் போலக் கிடக்கும் நாடு. இந்தப் பக்க எல்லையையும் அந்தப் பக்க எல்லையையும் அழித்ததில் நாடே போய்விட்டது. அண்ணை கதிரையில் ஏறி நகத்தால் சுரண்டினார். மையோடு சேர்ந்து ஆறும் வந்துவிட்டது. அந்த மனிதர் ஒரு மாதம் எங்கள் கடைப் பக்கமே வரவில்லை.

அடுத்தது கிழங்கு. கானாக்காரர்களுக்குக் கானா யாம்தான் வேண்டும். நைஜீரியாக்காரர்களுக்கு நைஜீரியா யாம்தான் வேண்டும். அண்ணை இரண்டையும் ஒரே பெட்டியில் கொட்டி, ‘ஆபிரிக்கக் கிழங்கு’ என்று ஜேர்மன் மொழியில் அட்டை எழுதி வைத்துவிட்டார். வந்தவர்கள் கிழங்கைப் புரட்டிப் பார்த்து, மணந்து பார்த்து, இது எந்த நாடு என்று கேட்டார்கள். “கண்டம்” என்றார் அண்ணை. இரண்டு நாட்டவரும் அடுத்த தெருக் கடைக்கு ஒன்றாகவே நடந்து போனார்கள். அதுவும் ஒற்றுமைதான் என்று அண்ணை சொன்னது முதலாளிக்குப் பிடிக்கவில்லை.

“அண்ணை, கிழங்கை வித்தால் காணும். கண்டத்தை விக்க வேண்டாம்” என்றார் முதலாளி.

அந்த நாட்களில்தான் ஆபிரிக்க நாடுகள் கூடிப் புதிதாக ஒரு ஒன்றியம் அமைத்தன. செய்தி வந்த அன்று அண்ணை வீட்டிலிருந்து ஒரு பெரிய சட்டி நிறைய வடை சுட்டுக் கொண்டுவந்தார். கடைக்கு வந்த ஆபிரிக்கர் ஒவ்வொருவருக்கும் கைகொடுத்து, வாழ்த்துச் சொல்லி, வடை கொடுத்தார். பாதிப் பேருக்குச் செய்தியே தெரியாது. செனகல்காரர் ஒருவர் அண்ணைக்குத்தான் குழந்தை பிறந்திருக்கிறது என்று நினைத்து ஆணா பெண்ணா என்று விசாரித்தார்.

அதோடு விடவில்லை. தன்னையும் அதில் சேர்க்கும்படி ஒன்றியத்துக்கு ஓர் அன்ட்ராக் எழுதினார். விண்ணப்பம் என்றால் ஜேர்மனியில் இருக்கிற தமிழருக்கு விளங்காது, அன்ட்ராக் என்றால்தான் விளங்கும். மூன்று பிரதி, இரண்டு புகைப்படம், வீட்டு விலாசப் பதிவு எல்லாம் இணைத்து அனுப்பினார். பதில் வரவில்லை.

“பாத்துக்கொண்டிருப்பாங்கள், தங்கச்சி. இஞ்ச என்ரை அகதி அன்ட்ராக்குக்கே ஒன்பது வருசம் எடுத்தவங்கள்” என்றார்.

ஒருநாள் நான் மெல்லக் கேட்டேன். “அண்ணை, இந்த ஊரில எங்கட தமிழ்ச் சங்கம் ரெண்டாய்க் கிடக்குது. ஒரே நாளில ரெண்டு மண்டபத்தில பொங்கல் வைக்கினம். முதலில அதைச் சேத்து வைச்சால் என்ன?”

அண்ணை கையிலிருந்த வாழைக்குலையைக் கீழே வைத்தார். கண்களை மூடி யோசித்தார். பிறகு என்னை மிகுந்த இரக்கத்தோடு பார்த்தார்.

“ஆபிரிக்காவில ஐம்பதுக்கு மேல நாடு. அதைச் செய்யலாம். இது ஏலாது.”

இப்படி இருந்தவர் ஒருநாள் உண்மையாகவே இரண்டு நாடுகளுக்கு நடுவே போய் உட்கார்ந்தார்.

எங்கள் கடைக்கு அல்மாஸ் என்றொரு எத்தியோப்பியப் பெண் வருவாள். தெஸ்பாய் என்ற எரித்திரிய டாக்ஸிக்காரரும் வருவார். இருவருக்கும் வேண்டியது தெஃப் மா. தெஃப் என்பது குரக்கனிலும் பொடியான ஒரு தானியம். அந்த மாவைப் புளிக்க வைத்து, வட்டத் தட்டளவு பெரிய தோசையாகச் சுடுவார்கள். இன்ஜெரா என்று பெயர். ஒரு காலத்தில் அங்கே ஊரில் இரண்டு குடும்பமும் அடுத்தடுத்த வீட்டில் இருந்தவையாம். பிறகு இரண்டு நாடுகளும் எல்லைக்காகச் சண்டை பிடித்தன. அந்தச் சண்டை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. ஆனால் அல்மாஸ் உள்ளே இருந்தால் தெஸ்பாய் வெளியே டாக்ஸியில் காத்திருப்பார். தெஸ்பாய் உள்ளே இருந்தால் அல்மாஸ் எதிர்ப்பக்கம் போய்ப் பேருந்து நேரம் பார்ப்பாள்.

“புளிச்ச மாவில தோசை சுடுற சனம் சண்டை பிடிக்கக் கூடாது” என்பார் அண்ணை. நான் யாழ்ப்பாணத்தை நினைத்துக்கொள்வேன்.

செப்டெம்பரில் அவர்களுக்குப் புதுவருடம் வரும். இரண்டு நாட்டுக்கும் ஒரே நாள்தான். இருவரும் என்னிடம் ஒவ்வொரு மூட்டை சொல்லி வைத்திருந்தார்கள். அந்த வாரம் கப்பல் பிந்தியதால் வந்ததோ ஒரே ஒரு மூட்டை. புதுவருடத்துக்கு மூன்று நாள் இருக்க, காலை பத்து மணிக்கு அல்மாஸ் வந்தாள். இருக்கிறது ஒன்றுதான் என்று கேள்விப்பட்டதும் மூட்டையின் பக்கத்திலேயே நின்றுகொண்டாள். காத்திருந்து அலுத்துத் தெஸ்பாயும் உள்ளே வந்தார். நான் தராசை எடுத்து வைத்து, ஆளுக்குப் பாதி என்றேன். இருவரும் சுவரைப் பார்த்தபடி தலையாட்டினார்கள். விஷயம் அத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

“விடமாட்டன்” என்றார் அண்ணை. “அளந்து பிரிச்சால் அதுதான் எல்லை. ரெண்டு பேரும் சேர்ந்து கொண்டுபோனால் கொண்டுபோகட்டும். இல்லாட்டி ஒருத்தருக்கும் இல்லை.”

சொல்லிவிட்டு மூட்டையின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

அவர்கள் பேசிய ஜேர்மன் மொழியை என் தமிழில் தருகிறேன்.

“பிரெசிடென்ட், எழும்புங்கோ. நான் மா புளிக்க வைக்க வேணும்” என்றாள் அல்மாஸ்.

“நீங்கள் இவருக்குப் புதுவருச வாழ்த்துச் சொல்லுங்கோ. எழும்புறன்.”

“நான் செத்தாலும் சொல்லமாட்டன்.”

“எனக்கு இவ சொல்லத் தேவையில்லை” என்றார் தெஸ்பாய் சுவரிடம்.

“அப்ப நான் இருக்கிறன்.”

இருந்தார். முக்கால் மணி நேரம் இருந்தார். வந்தவர்கள் அவரைச் சுற்றிப் போய் வெங்காயம் எடுத்தார்கள். ஒருத்தி அவர் மடியில் கூடையை வைத்துவிட்டு மீன் பார்க்கப் போனாள். கடைசியில் தெஸ்பாய்க்குப் பொறுமை போய்விட்டது. குனிந்து மூட்டையின் ஒரு மூலையைப் பிடித்து இழுத்தார். விட்டால் கொண்டுபோய்விடுவார் என்று அல்மாஸ் மறுமூலையைப் பிடித்தாள். மேலே அண்ணை, எண்பது கிலோவுக்குக் குறையாத ஆள். அது கடதாசி மூட்டை. நடுவால் கிழிந்தது.

கிழிந்த சத்தம் பெரிதாகக் கேட்கவில்லை. மா மட்டும் புகை போலக் கிளம்பி, கடை முழுவதும் நிறைந்து, மெல்ல மெல்ல இறங்கியது. புகை அடங்கியபோது அண்ணை நிலத்தில் கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தார். தலை, புருவம், மீசை, கை எல்லாம் வெள்ளை.

அல்மாஸ் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இப்பதான் எல்லாம் சரி. ஆபிரிக்காவைப் பங்கு போட நடுவில ஒரு வெள்ளைக்காரன் வேணும்தானே.”

“அதுவும் ஜேர்மனியில” என்றார் தெஸ்பாய்.

சொன்ன பிறகுதான் தான் அவளுக்குப் பதில் சொல்லிவிட்டது அவருக்கு உறைத்தது. வாயை மூடப் பார்த்தார். முடியவில்லை. அவருடைய வயிறு குலுங்கத் தொடங்கியது. அல்மாஸ் மீன் பெட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அண்ணை மட்டும் சிரிக்கவில்லை. “நீங்கள் ரெண்டு பேரும் கதைச்சிட்டீங்கள். நான் கேட்டனான்” என்று விரலை உயர்த்தினார். விரலில் இருந்து மா கொட்டியது.

பிறகு நாலு பேரும் முழங்காலில் இருந்து, நிலத்தில் படாமல் மேலாகக் கிடந்த மாவை அள்ளினோம். அள்ளும்போது அவர்கள் தங்கள் பாஷையில் தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டுக்கொண்டார்கள்.  இரண்டு வீட்டிலும் ஒவ்வொரு தம்பி அந்தச் சண்டையில் செத்துப்போனதைத் தெஸ்பாய் எனக்குப் பல நாள் கழித்துத்தான் சொன்னார்.

தேறியது பாதி மூட்டை. இரண்டு வீட்டுக்குக் காணாது.

“நானே சுடுறன். நீ பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வா” என்றாள் அல்மாஸ்.

தெஸ்பாய் மாவையும் அவளையும் டாக்ஸியில் ஏற்றிக்கொண்டு போனார். பத்து நிமிடத்தில் முதலாளி வந்து நிலத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், அண்ணையைப் பார்த்தார்.

“இது என்ன?”

“உடன்படிக்கை” என்றார் அண்ணை.

புதுவருடத்தன்று அண்ணையையும் என்னையும் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார்கள். ஒரு பெரிய தட்டில் இன்ஜெராவை விரித்து, நடுவில் கறிகளை வைத்து, எல்லோரும் அதே தட்டில் பிய்த்துச் சாப்பிட்டோம். சமாதானம் சரியாக இருபது நிமிடம் நீடித்தது. கோப்பி வந்ததும், கோப்பி காய்ச்சத் தெரிந்தவர்கள் எத்தியோப்பியர்களா எரித்திரியர்களா என்று இருவருக்கும் சண்டை தொடங்கியது. அண்ணை இதற்காகவே காத்திருந்தவர் போல எழுந்து, பைக்குள் இருந்து நாலு பக்கக் கடதாசியை எடுத்தார். தலைப்பு: கண்ட ஒற்றுமையும் உலக சமாதானமும்.

“அன்பான ஆபிரிக்க மக்களே” என்று தொடங்கினார்.

“பிரெசிடென்ட், இருந்து சாப்பிடுங்கோ” என்றார்கள் அல்மாஸும் தெஸ்பாயும் ஒரே குரலில்.

அண்ணை உடனே இருந்தார். சட்டைப் பையிலிருந்து சின்னக் கொப்பியை எடுத்து, தேதி போட்டு, ‘முதலாவது ஏகமனதான தீர்மானம்’ என்று எழுதிக்கொண்டார். அன்றைக்கு அவருடைய முகத்தில் இருந்த திருப்தியை நான் வேறு எந்த ஜனாதிபதியின் முகத்திலும் கண்டதில்லை.

எல்லை எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு அல்மாஸ் பேருந்தில் வந்து நான் காணவில்லை. தெஸ்பாயின் டாக்ஸியில் வருவாள். இருவரும் கோப்பிச் சண்டையை வாசலிலிருந்தே தொடங்கிக்கொண்டு உள்ளே வருவார்கள்.

நான் கடையில் சேர்ந்து மூன்று வருடம் ஆனபோது என் கணவருக்கு ஹம் நகரத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. ஹம்பேர்க்கை விட்டுப் புறப்பட்ட அன்று, அண்ணை என்னுடைய பெட்டியை ரயில் மேடைவரை தூக்கி வந்தார். “போட்டு வாங்கோ, தங்கச்சி” என்றார். 

ஹம்மில் முதல் நாள், வாசற்படியில் மேல்வீட்டுத் தமிழ்ப் பெண் ஒருத்தி என்னைக் கண்டு முகம் மலர்ந்தாள். என் பெயரைக் கேட்கவில்லை.

“நீங்கள் ஊரில எந்த இடம்?”

சொன்னேன்.

“அதில எந்தப் பக்கம்? கோயிலுக்குக் கிட்டவோ, ரோட்டுக்கு அங்காலையோ?”

அவள் கேட்பது இடத்தை அல்ல, சாதியை என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பதிலைப் பொறுத்துத்தான் அந்த மலர்ந்த முகம் அப்படியே இருப்பதும் மாறுவதும். எனக்கு அப்போதுதான் உறைத்தது. மூன்று வருடம் பக்கத்தில் நின்று வேலை செய்த அண்ணை ஒருநாள்கூட என்னிடம் அதைக் கேட்டதில்லை. அந்தப் படியில் நின்றபடியே எனக்கு அடுத்த ரயிலில் ஹம்பேர்க்குக்குத் திரும்பிப் போய்விட வேண்டும் போல இருந்தது.