கிளிஃப் போட்ட முடிச்சு

ஞாயிற்றுக்கிழமை காலை ஓட்ஸ் கஞ்சியைக் குடித்து முடித்த கையோடு கிளிஃப் ஒரு மாபெரும் முடிவை அறிவித்தார். நியூசிலாந்தின் ரான்ஃபர்லி ஊரில் கணவன்மார்கள் மாபெரும் முடிவு எடுப்பதே அபூர்வம். எடுத்தாலும் மனைவி காதுபட அறிவிப்பதில்லை.

"மெர்ல், இனிமே இந்த வீட்டுக்குள்ள புதுசா ஒரு உல்லன் நூல்கண்டு வரக்கூடாது. இருக்கிறதைப் பின்னித் தீர்த்துடு. காலியானதும் நடை அலமாரி எனக்கு."

கோரிக்கை நியாயமானதுதான். அவருடைய தூண்டில்கள் கொல்லைப்புற ஷெட்டில் எலிகளோடு குடித்தனம் நடத்தின. வீட்டு அலமாரியிலோ மனைவி காலமெல்லாம் சேர்த்த மிச்ச நூல். கதவைத் திறந்தால் தலையில் கொட்டும். ட்ரவுட் மீன் பிடிக்கும் பருவம் தொடங்குவதற்குள் அலமாரியைப் பிடித்தாக வேண்டும்.

மெர்ல் சண்டைக்கே வரவில்லை.

"சரிங்க. கடையில ஒரு கண்டுகூட வாங்க மாட்டேன். என் சிநேகிதி நோலீனுக்குப் பிறந்தநாள் வருதுல்ல? மிச்ச நூல்லயே ஒரு போர்வை பின்னிக் கொடுத்துடறேன். போதுமா?"

போதுமாவாவது! கிளிஃபுக்குத் தலைகால் புரியவில்லை. கேட்காமலே டீ போட்டுக் கொடுத்தார். அடுப்புக்கு விறகு வெட்டினார்.

"இன்னும் முடியலையா?" என்று தினமும் கேட்டார்.

"போர்வைங்க. வேலி கட்டற வேலைன்னு நெனச்சீங்களா?"

போர்வை வளர்ந்தது, அலமாரி குறைந்தபாடில்லை. கிளிஃபுக்குப் பொறுமை போய்விட்டது. மெர்ல் வெளியே போயிருந்த நேரம் பார்த்து, ஒரு சாக்கு நிறைய நூலைத் திணித்தார். வாய் பிரிந்துவிடாமல் தூண்டில் நரம்பால் இறுக்கிக் கட்டினார். சர்ச்சின் பழைய சாமான் கடை வாசலில் போட்டுவிட்டு, விசில் அடித்தபடி வந்து சேர்ந்தார்.

மெர்ல் அலமாரியைத் திறந்தாள். உள்ளே பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"அட, நூல் மளமளன்னு தீருதே!" என்றாள். அவ்வளவுதான்.

பிறந்தநாளன்று நோலீன் டீக்கு வந்தாள். போர்வையை மடியில் விரித்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இது உன் மகனோட ஸ்வெட்டர் நூல்தானே? இந்தப் பச்சை, நாம சேர்ந்து வாங்கினது! அடி மெர்ல், உனக்கு நான் என்ன செய்யப் போறேன்?" என்று தோழியைக் கட்டிக்கொண்டாள்.

"இரு, உனக்கும் கார்ல ஒண்ணு இருக்கு," என்று ஓடினாள் நோலீன். இழுத்துக்கொண்டு வந்தது ஒரு சாக்கு. கிளிஃபுக்கு டீ புரையேறியது.

"நான் உட்கார்ற சர்ச் கடை வாசல்ல எந்தப் புண்ணியவானோ போட்டுட்டுப் போயிட்டான். அத்தனையும் மெரினோ கம்பளி! உனக்கில்லாம யாருக்கு? என் வீட்டு மிச்சமும் ரெண்டு மூட்டை கார்ல கிடக்கு. ஆனா இந்த முடிச்சைத்தான் எவனாலயும் அவிழ்க்க முடியல."

"இதென்ன பெரிய விஷயம்? கொடுங்க இப்படி," என்று கையை நீட்டினார் கிளிஃப்.

பழகின கை. நுனியை நெருடி ஒரே இழுப்பு. முடிச்சு சட்டென்று அவிழ்ந்தது.

அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. இரண்டு பெண்களும் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் கடையில வாங்கலைங்க," என்றாள் மெர்ல். "பரிசா வந்தது. புதுசும் இல்ல. நல்லாப் பழகின நூல்."

"இவ்வளவும் அலமாரி கொள்ளாதே..." என்று முனகினார் கிளிஃப்.

"கொள்ளாதுதான். போய் உங்க தூண்டில் எல்லாத்தையும் வெளிய எடுத்து வைங்க. ஷெட் எனக்கு வேணும்."